கமரா உங்களுடையது, படம் யாருடையது?

கொட்டியாரக் குடாவின் தென்கரைப் பக்கமாக, திருகோணமலை நகரிலிருந்து படகேறியோ கிண்ணியாப் பாலத்தைக் கடந்து சுற்றியோ போய்ச் சேர வேண்டிய ஒரு சிறிய ஊரிலிருந்து, 31 வயதுச் சகோதரி ஒருவர் நீண்ட கடிதம் ஒன்றை எழுதியிருக்கிறார். ஆளையும் ஊரையும் இனங்காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

கொழும்பில் ஆறு ஆண்டுகள் வீடியோ எடிட்டராக வேலை செய்த இவர், தாயாரின் சுகவீனம் காரணமாக ஊர் திரும்பியவர். தாயார் முன்பு தையல் வகுப்பு நடத்திய விறாந்தையில், இரண்டு தோழிகளின் துணையோடு, சனி ஞாயிறுகளில் படப்பிடிப்பு, வீடியோ எடிட்டிங், போஸ்டர் வடிவமைப்பு ஆகியவற்றைக் கற்பிக்கிறார். 14 முதல் 22 வயது வரை 17 பேர் படிக்கிறார்கள். மாதக் கட்டணம் 1,000 ரூபாய்; முடியாத பிள்ளைகளிடம் வாங்குவதில்லை. இருப்பவை மூன்று பழைய மடிகணினிகள், ஒரு கமரா, பிள்ளைகளின் கைத்தொலைபேசிகள், பீவீசீ குழாயில் தாமே செய்த தாங்கிகள்.

இப்போது அவருக்கு ஐந்து சிக்கல்கள். பதிவு செய்யாமல் வகுப்பு நடத்தினால் பொலிஸார் வந்து மூடிவிடுவார்கள் என்று ஊரில் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் சொல்லியிருக்கிறார். பழைய மாணவர் ஒருவர், தன் தாத்தா கரைவலை இழுப்பதைப் பற்றித் தான் எடுத்த நான்கு நிமிட வீடியோவை வகுப்பின் யூடியூப் தளத்திலிருந்து நீக்கி, மூலக் காட்சிகளையும் தரும்படி கேட்கிறார். 16 வயது மாணவி ஒருவரின் தந்தை, மகளின் வீடியோவைப் பார்த்துக் கோபமுற்று, நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தின் கீழ் முறைப்பாடு செய்வேன் என்கிறார். கலியாண வீடியோ எடுக்கும் ஸ்டூடியோ ஒன்று, 15 வயதுப் பையன் உட்பட மூவரை வார இறுதி வேலைக்குக் கேட்கிறது. கடைசியாக, நகரில் அலுவலகம் வைத்திருக்கும் தொண்டு நிறுவனம் ஒன்று எட்டு மடிகணினிகளும் ஆறு மாத வாடகையும் தருவதாகச் சொல்லி, ஒன்பது பக்க ஆங்கில ஒப்பந்தம் ஒன்றை அனுப்பி, மாத முடிவுக்குள் கையெழுத்திடச் சொல்லியிருக்கிறது.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் ஏறத்தாழ மூன்று பக்கம் பதிவைப் பற்றிய பயம். ஒப்பந்தத்தைப் பற்றி ஐந்தே வரிகள். என் பதில் இந்த அளவைத் தலைகீழாக்க வேண்டியிருக்கிறது. உங்களை இரவில் தூங்கவிடாத விடயம் ஒரு பிற்பகலில் தீரக்கூடியது. நல்ல செய்தி என்று நீங்கள் எழுதியிருப்பதுதான் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: நீங்கள் அனுப்பிய நகல்களை மட்டும் வைத்தே இதை எழுதுகிறேன், மற்றத் தரப்பினர் சொல்வதை நான் கேட்கவில்லை.

பதிவு

அந்த அதிகாரி சொன்னதில் பாதி உண்மை. 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்க மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்விச் சட்டத்தின் கீழ், தொழிற்பயிற்சி வழங்கும் நிறுவனங்கள், தனியார் நடத்துபவையும் உட்பட, மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்ய வேண்டும். வீட்டு விறாந்தையில் வாரத்தில் சில மணி நேரம் பிள்ளைகளுக்குக் கமரா பிடிக்கச் சொல்லிக் கொடுப்பதை யாரும் உடனே தொழிற்பயிற்சி நிறுவனம் என்று கொள்ளப்போவதில்லை என்பதே என் கருத்து. ஆனால் நீங்கள் இணைத்திருக்கும் சான்றிதழின் மாதிரியில் ‘டிஜிட்டல் ஊடக டிப்ளோமா’ என்று பொன்னிற எழுத்தில் இருக்கிறது. அந்த ஒரு சொல்தான் உங்களைச் சட்டத்துக்குள் இழுத்துக்கொண்டு போகும். அதை எடுத்துவிட்டு, இன்ன காலத்தில் இன்ன பயிற்சியில் பங்குபற்றினார் என்று மட்டும் எழுதுங்கள். தொழில் தேடும் வயதிலுள்ளவர்களுக்கு அரசாங்கம் ஏற்கும் தகைமை வேண்டுமென்றால், முன்பெற்ற திறனைச் சோதித்துத் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் பெறும் வழி இருக்கிறது. தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபையில் விசாரியுங்கள். உங்கள் டிப்ளோமாவை விட அந்தக் கடதாசி அவர்களுக்கு எங்கும் செல்லும்.

கட்டணம் வாங்குவதால், ஒரு பெயரின் கீழ் தொழில் நடத்துவதாகப் பிரதேச செயலகத்தினூடாக வியாபாரப் பெயரைப் பதிந்துகொள்வது நல்லது. வங்கிக் கணக்குத் திறப்பதற்கும் அது உதவும். பதிவைப் பற்றி இதற்கு மேல் கவலைப்பட ஒன்றுமில்லை.

கரைவலை வீடியோ

அந்தப் பையனுக்கு நீங்கள் அனுப்பிய வட்ஸ்அப் பதிலை வாசித்தேன்: “கமரா என்னுடையது, எடிட் செய்தது என் மடிகணினியில், சொல்லித் தந்ததும் நான்.” கோபத்தில் எழுதியது என்று புரிகிறது. ஆனாலும் இந்த மூன்றில் ஒன்றுகூடச் சட்டத்தின் கண்ணில் உரிமையை உங்களுக்குத் தராது. பேனை கொடுத்தவர் கவிதைக்குச் சொந்தக்காரர் ஆவதில்லை.

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஒரு படைப்பு உருவான அந்தக் கணத்திலேயே பதிப்புரிமை தோன்றிவிடும். எங்கும் பதியத் தேவையில்லை. படைத்தவரே முதல் உரிமையாளர். இதற்கு விலக்குகள் உண்டு. சம்பளத்துக்கு வேலை செய்பவர் அந்த வேலையின் பகுதியாகச் செய்த படைப்பும், ஒருவர் பணித்துச் செய்வித்த படைப்பும், வேறு விதமான ஒப்பந்தம் இல்லாவிட்டால், முறையே வேலை கொடுத்தவருக்கும் செய்வித்தவருக்கும் போகும். உங்கள் மாணவர் இந்த இரண்டு வகையிலும் அடங்கமாட்டார். அவர் உங்களுக்குக் கட்டணம் கட்டிப் படித்தவர். ஆகவே வகுப்புப் பிள்ளைகள் எடுக்கும் புகைப்படங்கள், வரையும் போஸ்டர்கள் எல்லாம் அவர்களுடையவை.

வீடியோ என்று வரும்போது சற்றே நுணுக்கம் இருக்கிறது. இதை அவருக்கும் சொல்ல வேண்டும். கட்புல செவிப்புலப் படைப்பொன்றின் பொருளாதார உரிமையைச் சட்டம் அதன் தயாரிப்பாளருக்குக் கொடுக்கிறது. அதை உருவாக்கும் முன்முயற்சியையும் பொறுப்பையும் ஏற்றவரே தயாரிப்பாளர். நீங்கள் தலைப்பைக் கொடுத்து, ஆட்களைப் பிரித்து, நாளைக் குறித்து, செலவையும் ஏற்று எடுப்பித்த குழு வீடியோக்களில் நீங்களே தயாரிப்பாளர் என்று வாதிட இடமுண்டு. கரைவலை வீடியோ அப்படியல்ல. விடியற்காலை நான்கு மணிக்குத் தாத்தாவோடு கடற்கரைக்குப் போனதும், வலைக்காரர்களின் அனுமதியைக் கேட்டதும், மூன்று நாள் திரும்பத் திரும்பப் போய் எடுத்ததும் அவர்தான் என்று உங்கள் கடிதமே சொல்கிறது. எந்த நீதிபதி பார்த்தாலும் தராசு அவர் பக்கமே சாயும்.

இன்னொரு தவறும் நடந்திருக்கிறது. வீடியோவின் தொடக்கத்தில் உங்கள் வகுப்பின் சின்னம் ஐந்து விநாடி நிற்கிறது. அவருடைய பெயர் எங்கும் இல்லை. பொருளாதார உரிமை யாரிடம் இருந்தாலும், தன் பெயர் குறிப்பிடப்பட வேண்டும் என்பதும் தன் மதிப்புக்குக் கேடாகப் படைப்பு சிதைக்கப்படக் கூடாது என்பதும் படைத்தவரின் தார்மிக உரிமைகள். இது உங்களிடமிருந்து நடந்த பிழை. மன்னிப்புக் கேட்க வேண்டிய இடமும் இதுதான்.

இதை வழக்காக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். புலமைச் சொத்து வழக்குகளைக் கேட்பது கொழும்பிலுள்ள வணிக மேல் நீதிமன்றம். நான்கு நிமிட வீடியோவுக்காக இரண்டு பேரும் இரவு பஸ் ஏறிக் கொழும்புக்குப் போய்வருவதை நான் விரும்பவில்லை. மூலக் காட்சிகளை ஒரு பென்டிரைவில் இட்டு அவர் கையில் கொடுங்கள். அவர் வேலை தேடுகிறார். தன் படைப்பைத் தன் பெயரில் காட்ட விரும்புகிறார். பெயரைச் சேர்த்துத் தளத்தில் வைத்திருக்க அவர் சம்மதிப்பாரா என்று அதன் பிறகு கேளுங்கள். சம்மதித்தால் இருவரும் கையெழுத்திட்ட ஒரு பக்கக் கடிதம் போதும். மறுத்தால் நீக்கிவிடுங்கள்.

உங்கள் தளத்தில் இப்போது 800க்கு மேற்பட்ட சந்தாதாரர்கள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். யூடியூப்பில் விளம்பர வருமானத்துக்கு 1,000 சந்தாதாரர்களும், 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையும் தேவை என்பது பொதுவான வழி. பணம் வரத் தொடங்குவதற்கு முன் யாருக்கு எவ்வளவு என்பதைப் பிள்ளைகளோடும் பெற்றோரோடும் பேசி எழுதிக்கொள்ளுங்கள். பணம் வந்த பிறகு பேசினால் அது பேச்சாக இராது.

பாடல்களைப் பற்றி ஒரு சொல். பின்னணியில் சினிமாப் பாட்டைச் சேர்த்துவிட்டு, “படிப்புக்காகத்தானே” என்று விட்டுவிட முடியாது. வகுப்பறைக்குள் கற்பிக்கப் பயன்படுத்துவது வேறு, உலகமே பார்க்கும் தளத்தில் ஏற்றுவது வேறு. கரைவலைக்காரர்கள் பாடும் அம்பாப் பாடலுக்கு ஆசிரியர் பெயர் இல்லை. அதற்காக அது கேட்பாரற்ற சொத்து என்றும் நினைக்க வேண்டாம்; நாட்டார் கலை வெளிப்பாடுகளை வணிக நோக்கில் எடுத்தாள்வதையும் அதே சட்டம் கட்டுப்படுத்துகிறது. பாடியவர்களின் பெயர்களையும் கடற்கரையின் பெயரையும் இறுதியில் காட்டுவது குறைந்தபட்ச மரியாதை.

ஒரு வரிச் சம்மதம்

அந்தத் தந்தையின் விடயத்தில் நீங்கள் இரண்டு விதமாகத் தவறாக எண்ணுகிறீர்கள். ஒன்று, உங்களைக் கைது செய்துவிடுவார்கள் என்ற பயம். 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இணையத்தில் வரும் பொய்யான கூற்றுகள், தொல்லை கொடுத்தல், சிறுவர் துஷ்பிரயோகம் போன்றவற்றைப் பற்றியது. ஒரு பிள்ளை தனக்குப் படமெடுக்க ஏன் பிடிக்கும் என்று பேசும் வீடியோவைத் தாயாரின் அனுமதியோடு வெளியிட்டது அந்தச் சட்டத்தின் கீழ் குற்றமாகாது என்பதே என் கருத்து.

மற்றது, சேர்க்கைப் படிவம் இருப்பதால் நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கை. அந்தப் படிவத்தில் இருப்பது ஒரே வரி: “வகுப்பில் எடுக்கப்படும் படங்களைப் பயன்படுத்துவதில் எனக்கு ஆட்சேபனை இல்லை.” எதற்குப் பயன்படுத்துவது, எங்கே, எவ்வளவு காலம்? யூடியூப் என்ற சொல்லே அதில் இல்லை. சேர்க்கை நாளில், வரிசையில் நின்று, வாசிக்காமல் தாயார் போட்ட கையெழுத்து அது. 1989இல் செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பிறகு நம் நாட்டில் பராய வயது 18. அதற்குக் குறைந்தவரின் விடயத்தில் பெற்றோரின் சம்மதம் பெயரளவுக்கு இருந்தால் போதாது. தெரிந்து கொடுத்ததாக இருக்க வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் பிள்ளைகளைப் பற்றிய தரவை விசேட வகையில் வைத்திருக்கிறது. கொடுத்த சம்மதத்தை மீளப் பெறலாம் என்பதும் அதன் அடிப்படைகளில் ஒன்று. தந்தை மீளப் பெற்றுவிட்டார். பழைய கடதாசியைத் தூக்கிக் காட்டுவதால் அவர் மனம் மாறப்போவதில்லை.

அவர் ஏன் கோபப்பட்டார் என்பதை நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷொட்டிலிருந்தே விளங்கிக்கொண்டேன். பிள்ளை பாடசாலைச் சீருடையில், கழுத்துப்பட்டியின் சின்னம் தெரிய, தன் வீட்டுப் படலைக்கு முன்னால் நின்று பேசுகிறாள். கீழே முன்பின் தெரியாத ஆண்கள் மூவர், “எந்த ஊர் தங்கச்சி” என்று தொடங்கி எழுதியிருக்கிறார்கள். ஒரு தகப்பன் இதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருப்பார் என்று எதிர்பார்க்க முடியுமா? எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள்.

இன்றே அந்த வீடியோவைப் பொதுப் பார்வையிலிருந்து எடுத்துவிடுங்கள். அழிக்க வேண்டாம், மறைத்து வையுங்கள். அந்தக் கருத்துகளின் படங்களைத் திகதியோடு சேமித்து வையுங்கள். யாராவது அவளைத் தனிப்பட்ட முறையில் தொடர்புகொள்ள முயன்றிருந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அறிவிக்க அவை தேவைப்படும். பிறகு, தோழி ஒருவரையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்த் தாய் தந்தை இருவரோடும் பேசுங்கள். பிள்ளையும் அந்த இடத்தில் இருக்க வேண்டும். இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயம், தன்னைப் பற்றிய முடிவில் பிள்ளையின் கருத்தும் கேட்கப்பட வேண்டும் என்கிறது. அவள் வகுப்பை விட விரும்பவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வீடியோவை நீக்குவதும் வகுப்பை நிறுத்துவதும் இரண்டு வேறு கேள்விகள் என்பதைத் தந்தை விளங்கிக்கொண்டால், இரண்டாவதில் அவர் இறங்கிவரக் கூடும்.

இனிமேல் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு ஒவ்வொரு வெளியீட்டுக்கும் தனிக் கடிதம் வாங்குங்கள். வெளியிடப் போகும் வீடியோவைப் பெற்றோருக்குப் போட்டுக் காட்டிய பிறகே கையெழுத்து. சீருடை, வீட்டு வாசல், முழுப் பெயர் இவை படத்துக்குள் வரக் கூடாது. கருத்துப் பகுதியை மூடிவிடுங்கள். வட்ஸ்அப் குழுவில் ஒரு பெற்றோராவது இருக்கட்டும். ஆசிரியர் யாரும் பிள்ளைகளுக்குத் தனியாகச் செய்தி அனுப்பக் கூடாது என்ற விதியை உங்கள் தோழிகளுக்கும் சேர்த்தே போடுங்கள்.

கலியாண வீட்டு வேலை

சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் தயங்க இடமில்லை. 15 வயதுப் பையனை அனுப்ப வேண்டாம். பெண்கள், இளம் ஆட்கள், சிறுவர்களை வேலைக்கமர்த்துவது பற்றிய 1956ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கச் சட்டத்துக்கு 2021இல் வந்த திருத்தத்தின் பிறகு, வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்த வயது 14இலிருந்து 16 ஆகிவிட்டது. “பழகுவதற்குத்தான் போகிறான்” என்று ஸ்டூடியோக்காரர் சொல்கிறார். ஆனால் நாளுக்கு 2,500 ரூபாய் பேசி, அதில் 500 ரூபாய் வகுப்புக்கு என்றும் பேசியிருக்கிறார். அந்த 500 ரூபாயை நீங்கள் தொட்டால், பிள்ளையை வேலைக்கு விட்டவர் என்ற பேர் உங்களுக்கு வரும்.

மற்ற இருவரும் 18 தாண்டியவர்கள். அவர்கள் போகட்டும், உங்கள் ஊடாக அல்லாமல் நேரடியாக. நேரம், கூலி, கமரா உடைந்தால் யார் பொறுப்பு, இரவு எப்படித் திரும்புவது ஆகிய நான்கையும் எழுதி வாங்கச் சொல்லுங்கள். கலியாண வீட்டார் பணம் கொடுத்து எடுப்பித்த காட்சிகளைத் தங்கள் திறமையைக் காட்டவென்று அனுமதியின்றி முகநூலில் போடக் கூடாது என்பதையும் சொல்லி அனுப்புங்கள்.

ஒன்பது பக்க ஒப்பந்தம்

இனி, என்னை நிறுத்தி யோசிக்க வைத்த விடயம். “நல்ல மனிதர்கள், ஏழாம் பிரிவு மட்டும் கொஞ்சம் விளங்கவில்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் நல்ல மனிதர்களாகவே இருக்கலாம். ஏழாம் பிரிவு சொல்வது இது: பயிற்சிக் காலத்தில் பயிற்றுநர்களும் பயிலுநர்களும் உருவாக்கும் எல்லாப் படைப்புகளும், எடிட் செய்யப்படாத மூலக் காட்சிகள் உட்பட, உலகம் முழுவதற்கும் எக்காலத்துக்கும் நிறுவனத்துக்கு உரித்தாகும்.

பிள்ளைகளின் படைப்பு பிள்ளைகளுடையது என்று மேலே பார்த்தோம். உரிமையைக் கைமாற்றுவதென்றால் உரிமையாளர் எழுத்தில் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் பெற்றோர் அல்லது பாதுகாவலர். நீங்கள் கையெழுத்திட்டால் அது கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதைதான். அத்தோடு முடியவில்லை. பதினோராம் பிரிவைப் பாருங்கள்: கொடுக்கப்படும் படைப்புகள் மேல் யாராவது உரிமை கோரினால் நட்டத்தை நீங்களே ஏற்க வேண்டும். உங்களிடம் இல்லாததைக் கொடுப்பதாக ஏழில் வாக்களித்துவிட்டு, அதனால் வரும் நட்டத்தைப் பதினொன்றில் தலையில் ஏற்றிக்கொள்கிறீர்கள். கரைவலைப் பையன் நாளை அந்த நிறுவனத்திடம் போய்க் கேட்டால், அவர்கள் உங்களைத்தான் கை காட்டுவார்கள்.

மூலக் காட்சிகள் என்ற சொல்லைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். உங்கள் மாணவிகள் இருவர், 2006இல் யுத்தத்தால் சம்பூர்ப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்த ஒரு பாட்டியை ஆறு நிமிட வீடியோவாக எடுத்திருக்கிறார்கள். ஆறு நிமிடத்துக்குப் பின்னால் மூன்று மணி நேரப் பதிவு இருக்கிறது. அதில் அவர் தேநீர் ஊற்றிக்கொண்டே, கமரா ஓடுவதை மறந்து, யார் யார் என்ன செய்தார்கள் என்று பெயர் சொல்லிப் பேசியிருப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எடிட் செய்யும்போது அதை நீக்கியது உங்கள் பொறுப்புணர்வு. ஏழாம் பிரிவின்படி அந்த மூன்று மணி நேரமும் வேறொருவரின் கணினிக்குப் போய்விடும். நீங்கள் நீக்கியதை அவர்கள் சேர்க்கலாம், பாதியாக வெட்டி வேறு பொருள்படப் போடலாம். 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தையும், பகைமையைத் தூண்டும் பேச்சைக் குற்றமாக்கும், 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சிவில் மற்றும் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயச் சட்டத்தின் 3ஆம் பிரிவையும் பற்றி இந்த மாவட்டத்தில் வாழும் ஒருவருக்கு நான் விரித்துரைக்கத் தேவையில்லை. பாட்டிக்கு 78 வயது. அவர் உங்கள் மாணவிகளை நம்பிப் பேசினார்.

நான்காம் பிரிவு: மடிகணினிகள் நன்கொடையல்ல. “கேட்டபோது திருப்பித் தர வேண்டும்” என்கிறது. கடற்காற்றில் விசைப்பலகை துருப்பிடித்தால் யார் திருத்துவது என்று ஒரு வார்த்தை இல்லை. அனுமதி பெற்ற மென்பொருள் மட்டுமே பாவிக்க வேண்டும் என்றும் இருக்கிறது, அது நியாயம். உங்கள் பழைய மடிகணினிகளில் இருக்கும் கிராக் செய்த போட்டோஷொப், பிரீமியர் இரண்டையும் ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் அகற்றியே ஆக வேண்டும், கணினி நிரல்களுக்கும் பதிப்புரிமை உண்டு. படம், வரைகலை, வீடியோ, ஒலி ஆகியவற்றுக்கான கிம்ப், இங்க்ஸ்கேப், கேடென்லைவ், ஓடாசிட்டி என்ற மென்பொருள்கள் எல்லாம் இலவசமானவை. பிள்ளைகள் வீட்டுக் கணினியிலும் போட்டுக்கொள்ளலாம். பழைய முறைப் பாமினி எழுத்துருவை விட்டு, எந்தக் கணினியிலும் வாசிக்கக்கூடிய யுனிகோட்டுக்கு மாறுவதற்கும் இதுவே நல்ல தருணம்.

அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், தமிழிலேயே. ஒப்பந்தத்தின் தமிழ் வடிவத்தைக் கேளுங்கள். இரண்டுக்கும் முரண் வந்தால் எது செல்லும் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். ஏழாம் பிரிவுக்குப் பதிலாகக் கீழே தருவதை முன்வையுங்கள்:

“படைப்புகளின் உரிமை அவற்றைப் படைத்தவர்களிடமே இருக்கும். படைத்தவர், அவர் 18 வயதுக்குக் குறைந்தவராயின் பெற்றோர், ஒவ்வொரு படைப்புக்கும் எழுத்தில் இணங்கினால், அதன் முடிந்த வடிவத்தை மட்டும், படைத்தவரின் பெயரோடு, நிறுவனத்தின் அறிக்கைகளிலும் இணையத்தளத்திலும் இரண்டு ஆண்டுகளுக்குப் பயன்படுத்தலாம். மூலக் காட்சிகள் இதில் அடங்கா.”

பதினோராம் பிரிவில் உங்கள் பொறுப்பு, நீங்களே வேண்டுமென்று செய்த தவறுக்கு மட்டும் என்று சுருங்க வேண்டும். திருகோணமலை அலுவலகத்தில் இருப்பவருக்கு இவற்றை மாற்றும் அதிகாரம் இராது. அவர் மேலிடத்துக்கு அனுப்புவார், ஒன்றிரண்டு வாரம் போகும். மாத முடிவு என்பது அவர்களுடைய செலவுக் கணக்கை மூடுவதற்கான நாளாக இருக்கலாம். நீடிப்புக் கேட்பதால் யாரும் கோபிக்கப் போவதில்லை. கட்டணம் கொடுத்துச் சட்டத்தரணியை வைக்க வசதியில்லை என்றால், திருகோணமலையிலுள்ள சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்கு ஒப்பந்தத்தை எடுத்துப் போங்கள்.

அவர்கள் அசையாவிட்டால்? ஏழாம் பிரிவை இப்போதிருக்கும் வடிவில் ஏற்க வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். எட்டு மடிகணினிகள் உங்கள் வகுப்புக்கு எவ்வளவு பெரியவை என்பது தெரிந்தே சொல்கிறேன். பீவீசீ குழாயில் தாங்கி செய்த வகுப்பு, கைத்தொலைபேசிகளோடு இன்னும் ஓர் ஆண்டு ஓடும். இடைவழியும் ஒன்றுண்டு: 18 வயது தாண்டியவர்களுக்கு மட்டுமான ஒரு குழுவை அந்த உதவியோடு நடத்தலாம், அவர்கள் வாசித்து, தாங்களே முடிவெடுத்துக் கையெழுத்திடட்டும். சிறியவர்களின் வகுப்பு பழையபடி தனியாக நடக்கட்டும்.

நகரப் பயணம்

அடுத்த மாதம் பிள்ளைகளைக் கோணேசர் கோவிலுக்கும் கன்னியா வெந்நீரூற்றுகளுக்கும் படமெடுக்கக் கூட்டிவரப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். வாருங்கள். கோவில் இருக்கும் பிரெட்ரிக் கோட்டைக்குள் இராணுவ முகாமும் இருப்பதை மறக்க வேண்டாம். கோவில் வீதியில் மான்களைப் படமெடுப்பதாக எண்ணிக்கொண்டு முகாம் வாசலைப் பிடித்துவிட்டால், 1955ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க அரச இரகசியங்கள் சட்டத்தைப் பற்றி வாசலில் நிற்பவரிடம் விளக்கம் கேட்க நேரும். கடற்படைத் தளப் பக்கமும் அப்படியே. கன்னியாவில் தாங்கி வைத்துப் படமெடுப்பதற்குத் தொல்பொருள் திணைக்களத்தில் முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். உங்கள் நண்பர் கொண்டுவருவதாகச் சொன்ன ட்ரோனை வீட்டிலேயே விட்டுவரச் சொல்லுங்கள். சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் பதிவும் பாதுகாப்பு அமைச்சின் அனுமதியும் இல்லாமல், சீனன்குடா விமானத் தளத்தையும் துறைமுகத்தையும் வைத்திருக்கும் நகரில் அதைப் பறக்கவிடுவது விளையாட்டல்ல.

கடைசியாக ஒன்று. நீங்கள் அனுப்பிய ஒப்பந்த நகலில் ‘இணைப்பு 3’ இல்லை. ஐந்தாம் பிரிவின்படி, பயிலுநர்களின் பெயர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம், குடும்ப நிலைமை ஆகியவற்றை மாதந்தோறும் அந்தப் படிவத்தில் நிரப்பி அனுப்ப வேண்டும். ‘குடும்ப நிலைமை’ என்ற நிரலில் என்னென்ன கேட்கிறார்கள் என்பதைப் பார்க்காமல் எதிலும் கையெழுத்திட வேண்டாம். அதைக் கேட்டு வாங்கி எனக்கு அனுப்பிவையுங்கள்.